நிரலின் சொந்த லைப்ரரிகளை எங்கே வைப்பது?

ஒரு நிரல், அதற்கு இரண்டு மூன்று துணைக் கருவிகள், இவை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஓரிரு .எஸ்ஓ கோப்புகள் (பகிர்வு லைப்ரரிகள்). ஹெடர் கோப்புகளை வெளியிடப்போவதில்லை, வெளியார் யாரும் இவற்றோடு இணைத்து நிரல் எழுதப்போவதுமில்லை. அடுத்த பதிப்பில் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் இப்படிப்பட்ட தனி லைப்ரரிகளுக்கு இடம் தேடும்போது நான்கைந்து வழிகள் கண்ணில் படும். முதல் நாள் எல்லா வழியிலும் நிரல் ஓடிவிடும். அப்டேட் வரும்போதும் இன்னொரு நிரலோடு மோதும்போதும்தான் எது சரியான வழி என்று தெரியும்.

லைப்ரரியைப் பயன்படுத்துவது ஒரே ஒரு நிரல்தான் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஸ்டாட்டிக்காக, அதாவது நிரல் கோப்புக்குள்ளேயே, இணைத்துவிடுங்கள்.

இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் அவற்றை எங்கெங்கே தேடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் வரிசை இது: நிரலில் பதிந்த பழைய வகைத் தேடல் பாதையான ஆர்பாத் (ரன்பாத் இல்லாதபோது மட்டும்), பிறகு எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, பிறகு நிரலில் பதிந்த புதிய வகைத் தேடல் பாதையான ரன்பாத், பிறகு லைப்ரரிகளின் இடங்களைக் குறித்துவைத்த /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ், கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் போன்ற இயல்பான அடைவுகள். இனி வரும் ஒவ்வொரு வழியும் இந்த வரிசையில் ஏதோ ஒரு படியைப் பிடித்துத் தொங்குவதுதான். எடுத்துக்காட்டுக்கு நம் நிரலின் பெயர் 'கதிர்' என்று வைத்துக்கொள்வோம்.

நேராக /யூஎஸ்ஆர்/லிப்

எதையும் பதிக்க வேண்டாம், லோடர் தானே கண்டுபிடிக்கும். ஆனால் அங்கே வைத்த மறுகணம் அது பொது லைப்ரரி. டெபியன் விதிப்படி, லோடர் தேடும் அடைவில் இருக்கும் லைப்ரரிக்கு முறையான சோநேம் (கோப்புக்குள் பதிந்த, பதிப்பு எண்ணோடு கூடிய பெயர்) வேண்டும், அது மாறும்போதெல்லாம் பேக்கேஜின் பெயரும் மாற வேண்டும். உள்ளுக்குள் ஒரு ஃபங்ஷனை மாற்றியதற்காக இவ்வளவையும் சுமப்பது வீண். 'லிப்யூட்டில்.எஸ்ஓ', 'லிப்கோர்.எஸ்ஓ' என்று பெயர் வைத்திருந்தால் மோதல் நிச்சயம். தனி லைப்ரரிக்கு இந்த இடத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

/யூஎஸ்ஆர்/லிப்/கதிர், கூடவே ரன்பாத்

டிஸ்ட்ரோவுக்குப் பேக்கேஜ் செய்கிறீர்கள் என்றால் இதுதான் இடம். லினக்ஸ் அடைவு அமைப்பை வரையறுக்கும் எஃப்எச்எஸ் தரம் ஒரு நிரலுக்கு /யூஎஸ்ஆர்/லிப்பின் கீழ் ஓர் உள்ளடைவை அனுமதிக்கிறது. வெளியார் இணைக்காத .எஸ்ஓ கோப்புகளை இப்படி உள்ளடைவில்தான் வைக்க வேண்டும் என்பது டெபியன் கொள்கை. அங்கே வைத்தால் பொது லைப்ரரிக்கான விதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து விலக்கும் கிடைக்கும். ஃபெடோராவில் 64 பிட் இயந்திரத்தில் இது /யூஎஸ்ஆர்/லிப்64/கதிர். அங்கே ஆர்பாத் பொதுவாகத் தடை என்றாலும், நிரலின் உள் லைப்ரரிகளுக்கு விலக்கு உண்டு. சாம்பா தன் உள் லைப்ரரிகளைத் தன் பெயரிலேயே ஓர் உள்ளடைவில் வைக்கிறது. சிஸ்டம்டி இன்னும் ஒரு படி மேலே போய், தன் பகிர்வு லைப்ரரியின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்க்கிறது. பதிப்பு 247 என்றால் கோப்பின் பெயரிலும் 247. பழைய நிரல் புதிய லைப்ரரியைத் தவறிப்போய்க்கூட எடுக்காது. அப்படியே பின்பற்றத் தகுந்த வழக்கம் இது.

வேலை முழுவதும் ரன்பாத்தைச் சரியாகப் பதிப்பதில்தான் இருக்கிறது. முழுப் பாதையை எழுதலாம், அல்லது $ஆரிஜின் என்று தொடங்கி, கோப்பு இருக்கும் அடைவிலிருந்து வழி சொல்லலாம். /யூஎஸ்ஆர்/பின்/கதிர் கோப்புக்கு அது $ஆரிஜின்/../லிப்/கதிர். டெபியனின் மல்டிஆர்ச் அடைவில் (ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனி அடைவு) வைத்தால் நடுவே அந்தக் கட்டமைப்பின் பெயரும் சேரும்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, டாலர் குறி. மேக்ஃபைலில் ஒற்றை டாலர் போட்டால், மேக் அடுத்த ஒரே எழுத்தை மாறியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். இரட்டை டாலர் போட்டு ஒற்றை மேற்கோளை மறந்தால், ஷெல் அந்த மாறியைத் தேடி, கிடைக்காமல், வெறுமையாக்கிவிடும். அப்போது பதிவது '/../லிப்/கதிர்', அதாவது /லிப்/கதிர். இன்றைய டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலும் /லிப் என்பது /யூஎஸ்ஆர்/லிப்புக்கான இணைப்பு மட்டுமே, அதனால் நிரல் சரியாகவே ஓடும்! யாராவது வேறு இடத்தில் நிறுவும்வரை பிழை வெளியே வராது. எனவே ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். 'ரீட்எல்ஃப் -டி' கட்டளையின் வெளியீட்டில் $ஆரிஜின் என்ற சொல் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ரன்பாத் வழிவழியாகச் செல்லாது. கதிர் நிரல் லிப்கதிர்படம் லைப்ரரியைக் கேட்கிறது, அது லிப்கதிர்மூலம் லைப்ரரியைக் கேட்கிறது என்றால், நிரலில் பதிந்த ரன்பாத் முதலாவதைத் தேட மட்டுமே உதவும். இரண்டாவதைத் தேடும்போது லிப்கதிர்படம் கோப்புக்குள் பதிந்த ரன்பாத்தைத்தான் லோடர் பார்க்கும். அங்கே எதுவும் இல்லையென்றால், கோப்பு கண்ணெதிரே அதே அடைவில் இருந்தும் 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற பிழைதான் வரும். ஒவ்வொரு தனி லைப்ரரியிலும் வெறும் $ஆரிஜின் என்று பதித்துவிட்டால் தீர்ந்தது. பழைய ஆர்பாத் வழிவழியாகச் செல்லும்தான், ஆனால் எல்டி_லைப்ரரி_பாத்துக்கும் முன்னால் வருவதால் சோதனைக்காக வேறு லைப்ரரியை மாற்றிப் பார்க்க முடியாது. ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் டிஸ்ட்ரோவில் ரன்பாத்தும் வழிவழியாகச் செல்லும். அங்கே மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள்.

மூன்றாவது, நிரலைக் கட்டும் கருவியான சீமேக். கட்டும் அடைவில் ஓடுவதற்கான பாதையைத் தானே பதித்துவிட்டு, இன்ஸ்டால் செய்யும்போது அதை நீக்கிவிடும். கட்டிய இடத்தில் ஓடிய நிரல் நிறுவிய இடத்தில் ஓடாததற்கு இதுவே வழக்கமான காரணம். இன்ஸ்டால்_ஆர்பாத் பண்பை வெளிப்படையாகக் கொடுங்கள். இன்னொரு கட்டும் கருவியான மெசானில் அதே வேலைக்கு இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற சாவிச்சொல்லே உண்டு.

செட்யூஐடி நிரல்களில் (யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுபவை) மட்டும் $ஆரிஜின் வேண்டாம். பாதுகாப்புக்காக லோடர் அதைக் கட்டுப்படுத்துகிறது, அங்கே முழுப் பாதையே நல்லது.

எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி

/ஈடிசியில் ஒரு வரிக் கோப்பைப் போட்டு எல்டிகான்ஃபிக் ஓட்டினால், நம் அடைவு கேஷில் சேரும். ரன்பாத்தைத் தொடவே வேண்டாம் என்பதால் பலருக்கு இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் கேஷ் இயந்திரம் முழுவதற்கும் பொது. பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜியைத் திருத்தி அதே சோநேமோடு நம் அடைவில் வைத்திருந்தால், சம்பந்தமே இல்லாத படம் காட்டும் நிரலும் நம் பிரதியை எடுக்கக்கூடும். தனியாக இருக்கத்தான் உள்ளடைவு, அதை ஊருக்கே அறிவித்தால் உள்ளடைவு எதற்கு? பல பேக்கேஜ்கள் பகிரும் லைப்ரரியை வழக்கத்துக்கு மாறான இடத்தில் வைக்க நேர்ந்தால் மட்டும் இது பொருந்தும்.

எல்டி_லைப்ரரி_பாத் வைக்கும் ஷெல் உறை

மூலநிரல் கையில் இல்லாத நிரலுக்குக் கடைசி வழி. அப்போதுகூட பேட்ச்எல்ஃப் கருவியால் ரன்பாத்தைப் பதித்துப் பார்த்த பிறகே இதைத் தொடுங்கள். இந்த மாறி குழந்தைச் செயல்களுக்கும் இறங்கும். நம் நிரல் ஓர் இணைப்பைத் திறக்க உலாவியை அழைத்தால், உலாவியும் நம்முடைய பழைய சி++ லைப்ரரியை எடுத்துக்கொண்டு, கேட்ட பதிப்பு இல்லை என்று விழுந்துவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. புதிய பாதை, ஒரு முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று எழுதுவது எங்கும் காணும் வழக்கம். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் முக்காற்புள்ளி மட்டும் எஞ்சும். லோடருக்கு அதன் பொருள் 'இப்போது நிற்கும் அடைவு'. யாரோ ஓர் அடைவில் போட்டுவைத்த .எஸ்ஓ கோப்பு உங்கள் நிரலுக்குள் ஏறிவிடும். பழைய மதிப்பு இருந்தால் மட்டும் முக்காற்புள்ளி சேரும்படி ஷெல்லின் ':+' வடிவில் எழுதுங்கள்.

/ஆப்ட்/கதிர்/லிப்

டிஸ்ட்ரோவுக்கு வெளியே, ஒரே தொகுப்பாக விநியோகிப்பவர்களுக்கு இதுவே சரி. நிரல் /ஆப்ட்/கதிர்/பின்னில், ரன்பாத் $ஆரிஜின்/../லிப். /யூஎஸ்ஆர்/பின்னில் குறியீட்டு இணைப்பு போட்டாலும் $ஆரிஜின் உண்மையான கோப்பு இருக்கும் இடத்தையே குறிக்கும், உறை தேவையில்லை. /யூஎஸ்ஆர்/லிப்எக்செக்கையும் சிலர் இதற்குச் சொல்வார்கள். அது பயனர் நேரடியாக இயக்காத உள் நிரல்களுக்கான இடம், லைப்ரரிகளை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

இடம் மட்டும் காப்பாற்றாத இரண்டு

ஒரே செயலில் ஒரே சோநேம் கொண்ட இரண்டு லைப்ரரிகள் தேவைப்பட்டால், ஜிலிப்சி முதலில் ஏறியதையே இரண்டாவதற்கும் கொடுத்துவிடும். அடைவு வேறாக இருந்தும் பயனில்லை. திருத்திய பிரதிக்கு சோநேமையும் மாற்றுங்கள்.

ஃபெடோரா போன்றவற்றின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் தன்பாட்டுக்கு எல்லா .எஸ்ஓ கோப்புகளையும் 'இந்தப் பேக்கேஜ் தருகிறது' என்று பட்டியலிடும், உள்ளடைவில் இருந்தாலும்கூட. வேறொரு பேக்கேஜின் தேவை நம்முடைய தனிப் பிரதியால் தீர்ந்ததாகக் கணக்காகி, நிறுவல் முடிந்து, அந்த நிரல் ஓடாமல் நிற்கும். பேக்கேஜ் கட்டும் விவரங்களைச் சொல்லும் ஸ்பெக் கோப்பில் அந்த அடைவை ப்ரொவைட்ஸ் பட்டியலிலிருந்து விலக்க வேண்டும். கோப்பு அனுமதியும் இரு பக்கமும் வேறு. டெபியனில் 0644, இயக்கும் பிட் கூடாது. ஆர்பிஎம்மில் 0755, ஏனென்றால் அந்த பிட் இல்லாத கோப்புகளை அதன் பிழைத்திருத்தத் தகவல் பிரிக்கும் கருவி தாண்டிப் போய்விடும்.