நாலு வருஷ எஸ்.க்யூ.எல். கணக்கு: தீபாவளியை டேபிளில் ஏற்றிய பிறகுதான் சரிவந்தது

தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பனகல் பார்க்கிலிருந்து நடந்தே வந்துவிடலாம். என் மேசை மூன்றாவது மாடியில், ஸ்டாக் ரூமை ஒட்டி. 2021 கடைசியில் முதலாளி மேலே ஏறி வந்து, "தம்பி, போன வருஷத்துக்கு இந்த வருஷம் நம்ம சைட்டுக்கு ஆள் கூட வருதா, குறைய வருதா?" என்று கேட்டார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் வைத்திருந்த இலவசச் சேவையில் பழைய மாதங்கள் ஏற்கெனவே அழிந்திருந்தன. என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே சர்வர் லாக்கை, அதாவது தளத்துக்கு வரும் ஒவ்வொரு வருகையும் பதிவாகும் கோப்பை, எடுத்து நாமே சேர்த்து வைப்பது என்று முடிவானது.

ஏற்பாடு எளிமையானதுதான். தளத்தை ஓட்டும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் லாக்கில் ஒவ்வொரு வரியிலும் பார்வையாளரின் குக்கி எண்ணும் (பிரவுசரை அடையாளம் காண அதிலேயே நாம் வைக்கும் எண்) விழும்படி செய்தேன். தினமும் இரவில் ஆபீஸ் கம்ப்யூட்டர் அந்த லாக்கை இழுத்து போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஏற்றும். காலையில், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில், தேதிவாரியாகப் பிரிக்க ஒரு குரூப் பை, ஒரே ஆளை ஒரு தடவை மட்டும் எண்ண ஒரு கவுண்ட் டிஸ்டிங்ட். முதல் ரிப்போர்ட் ஒரே மதியத்தில் தயார். ஐ.பி. முகவரியை வைத்து ஆளை எண்ணாதீர்கள் என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொபைல் நெட்டில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல பேர் இருப்பார்கள். ஒரே ஆளின் முகவரி ஒரே நாளில் நாலு தடவை மாறவும் செய்யும்.

முதல் மாதமே சண்டை வந்தது. அண்ணாச்சி கால்குலேட்டரோடு உட்கார்ந்து முப்பது நாள் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். நான் கொடுத்த மாத எண்ணிக்கை அதைவிடக் குறைவு. "உன் கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியலையா?" என்றார். "அண்ணாச்சி, ஒரு அம்மா திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் கடைக்கு வந்து கடைசியில ஒரே ஒரு புடவை எடுத்துட்டுப் போனா, நீங்க மூணு வாடிக்கையாளர்னா சொல்வீங்க?" என்று கேட்டேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் நானே பிறகு அதே குழியில் விழுந்தேன். க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) மெதுவாகிவிட்டது என்று தினசரி எண்ணிக்கைகளை மட்டும் ஒரு சுருக்க டேபிளில் போட்டு, மாதக் கணக்கை அதிலிருந்தே எடுத்தேன். அது தப்பு. வாரத்துக்கும் மாதத்துக்கும் தனித்தனியாக மூல வரிகளிலிருந்துதான் எண்ண வேண்டும். இப்போது நாள், வாரம், மாதம் மூன்றுக்கும் மூன்று மெட்டீரியலைஸ்டு வியூ, அதாவது விடையை முன்கூட்டியே எண்ணிச் சேமித்து வைக்கும் டேபிள். ராத்திரி தானாகப் புதுப்பிக்கும்.

அப்புறம் நேரம். சர்வரின் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். அதனால் நள்ளிரவு தாண்டிப் புடவை பார்ப்பவர்கள் எல்லோரும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தார்கள். கல்யாண சீசனில் இப்படி நடு ராத்திரியில் பார்ப்பவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. தேதியை வெட்டுவதற்கு முன்பே கொல்கத்தா நேர மண்டலத்துக்கு, அதாவது இந்திய நேரத்துக்கு, மாற்ற வேண்டும், வெட்டிய பிறகு அல்ல. அந்த ஒரு வரி இடம் மாறி உட்கார்ந்திருந்ததை நான் ஐந்து மாதம் கவனிக்கவில்லை.

இன்னொன்று, ஆட்களே இல்லாத கூட்டம். ஒரு ஏப்ரலில் கோடு செங்குத்தாக ஏற, அண்ணாச்சி கீழே ஸ்வீட் வாங்கிவரச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம். எந்தப் பக்கத்துக்கு அதிக வருகை என்று பார்த்தால், வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளின் லாகின் பக்கம். எங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸே இல்லை! ஏதோ ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், பூட்டு திறந்திருக்கிறதா என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்வீட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன்.

பெரிய பாடம் மிக்ஜாம் புயலில். 2023 டிசம்பர் 4 அன்று சென்னை தண்ணீரில் நின்றது, ஆபீஸிலும் மின்சாரம் இல்லை. சர்வர் வேறு ஊரில், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. லாக்கை இழுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் அணைந்து கிடந்தது. அது மறுபடி எழுந்தபோது "நேற்றைய" லாக்கை மட்டும் இழுத்தது, ஏனென்றால் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். நடுவில் இரண்டு நாள் காணாமல் போனது. சர்வரில் லாக் 14 நாள் வரை இருக்கும். அதற்குள் பார்த்திருந்தால் எடுத்திருக்கலாம். பொங்கலுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஏன் பார்க்கவில்லை? வரி இல்லாத நாளுக்கு குரூப் பை எதையும் காட்டாது. சார்ட் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டில் இணைத்துவிட்டது. ஏழு நாள் சராசரி என்று நான் நம்பியதும் பொய். பக்கத்து வரிசைகளையும் சேர்த்துக் கணக்குப் போடும் விண்டோ ஃபங்ஷனில் "முந்தைய ஆறு வரிசைகளும் இந்த வரிசையும்" என்று எழுதினால் அது ஏழு வரிசை, ஏழு நாள் அல்ல. இரண்டு நாள் விடுபட்டால் ஒன்பது நாள் பரப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது தேதிகளை வரிசையாகத் தரும் ஜெனரேட் சீரிஸால் எல்லா நாட்களும் உள்ள ஒரு நாட்காட்டி டேபிளை முதலில் உருவாக்கி, அதனோடு லாக்கை லெஃப்ட் ஜாயின் செய்கிறேன்; லாக்கில் இல்லாத நாளும் அப்போது காலியாகவாவது தெரியும். காலியான நாளில் சுழியம் போடவும் அவசரப்படக் கூடாது. சுழியம் என்றால் யாரும் வரவில்லை என்று அர்த்தம். காலி என்றால் எனக்குத் தெரியாது. சராசரி எடுக்கும்போது சுழியம் கோட்டைக் கீழே இழுக்கும், காலியை எஸ்.க்யூ.எல். கணக்கிலேயே சேர்க்காது. அந்த இரண்டு நாளும் இன்றைக்கும் காலிதான், பக்கத்தில் "புயல்" என்று ஒரு குறிப்பு.

அந்த நாட்காட்டி டேபிள் இல்லாமல் இப்போது என்னால் ஒரு ரிப்போர்ட்டும் எழுத முடியாது. அதன் மதிப்பு அதே 2023-இல், புயலுக்கு முன்பே, கொஞ்சம் தெரிந்திருந்தது. அந்த அக்டோபர் கணக்கு 2022 அக்டோபரை விட நன்றாகக் குறைந்திருந்தது. விளம்பரத்தை நிறுத்திவிடலாமா என்று அண்ணாச்சி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். உண்மையில் 2022 தீபாவளி அக்டோபர் 24, 2023 தீபாவளி நவம்பர் 12. கூட்டம் அடுத்த மாதத்துக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆடி, பொங்கல் எல்லாம் சூரியக் கணக்கு, ஒரு நாள் முன்னே பின்னே வருமே தவிர தேதி அலையாது. ஆடித் தள்ளுபடியைப் போன ஜூலையோடு தைரியமாக ஒப்பிடலாம். தீபாவளியும் அட்சய திருதியையும் சந்திரனோடு ஓடும்.

அதனால் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள். மாதத்தை விட்டுவிட்டு இந்த எண்ணை வைத்து வருடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும், 2023-உம் 2024-உம் கிட்டத்தட்ட ஒரே கோடாக ஓடின. சாதாரண மாதங்களுக்கு 365 நாளுக்குப் பதிலாக 364 நாள் பின்னால் போகிறேன். ஞாயிறுக்கு எதிரே ஞாயிறே வந்து நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆள் போனிலும் லேப்டாப்பிலும் வந்தால் இன்னும் இரண்டு பேர்தான். குக்கியை அழித்துவிட்டு வந்தால் புது ஆள். எனவே மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் இழுப்பேன். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். அண்ணாச்சி ஆரம்பத்தில் கேட்டதும் அதைத்தானே.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அந்த வரியை டேபிளில் ஏற்றியாகிவிட்டது. 2023-உம் ஞாயிறு என்று சொன்னதும் அண்ணாச்சி, "அப்போ அந்த வருஷத்தோட வெச்சுப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.