கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள்: ரங்கூனில் ஐந்து வருட டிரில் அனுபவம்

முருகன் படம் மாட்ட ஓர் ஆணி அடித்தேன். சுவர்ப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மறுநாளே டிரில் மெஷின் வாங்கிவிட்டேன். 650 வாட், 13 மில்லிமீட்டர் சக் (துளை போடும் பிட்டைக் கவ்வும் வாய்), வயர் வைத்தது. கரண்ட் முறை வைத்து வரும் ஊரில் பேட்டரி மெஷின்தான் புத்திசாலித்தனம், ஆனால் கைக்காசு இடம் கொடுக்கவில்லை.

சுவர் வேலைக்குக் குறையே சொல்ல முடியாது. திருகைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் சுவர் பிளக் 6 மில்லிமீட்டர் என்றால் அதே அளவு கார்பைடு முனை பிட். எங்கள் வீடு பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சு. எடுத்த எடுப்பில் ஹேமரில், அதாவது சுற்றிக்கொண்டே குத்தும் முறையில் வைத்தால் உதிரும். அதனால் முதலில் வெறும் சுற்றல். வெள்ளைத் தூள் நின்று செம்மண் நிறத் தூள் வந்தால் செங்கல் தட்டிவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் ஹேமர். டைல்ஸில் ஹேமர் பக்கமே போகாதீர்கள். மேலே டேப் ஒட்டி, டைல்ஸுக்கான பிட்டை மெதுவாக ஓட்டுங்கள்; டைல்ஸ் தாண்டிய பிறகு ஹேமரைப் பார்த்துக்கொள்ளலாம்.

மரம் வேறு கதை. தேக்கு சுலபமாக இறங்கும், ஆனால் அதில் மணல்சத்து இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போடும் பியின்கடோ, அதாவது நம் இருள் மரம், சும்மா இறங்காது. நான் அழுத்தினேன், புகைதான் வந்தது. இப்போது 3 மில்லிமீட்டரில் வழி போட்டுவிட்டு, பெரிய பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டி இறக்குகிறேன்.

இரும்புக்குக் குறைந்த வேகமும் ஒரு சொட்டு எண்ணெயும் போதும். துளை வரும் இடத்தில் சின்னப் பள்ளமாகப் பொட்டு அடித்துவிட்டுத் தொடங்கினால் பிட் வழுக்காது. ஒரு தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓட்டை போட்டேன். மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் பிட் கவ்வி, தகடு சுழன்று கட்டைவிரலைக் கீறிவிட்டது. கிளாம்ப் இல்லாமல் இனித் தொடுவதில்லை. கையுறையும் வேண்டாம், சுற்றும் பிட் துணியைத்தான் முதலில் இழுக்கும். கண்ணாடி மட்டும் கட்டாயம். லுங்கியோடு வேலை செய்கிற நம் ஆட்கள் மடித்துக் கட்டுவதோடு நிற்காமல் கால்சட்டைக்கு மாறிவிடுவது மேல்.

என்னை உண்மையிலேயே கதிகலங்க வைத்தது வேறு. அலமாரிக்கு வரிசையாக ஓட்டை போடும்போது டிரிகர் பக்கத்து லாக் பட்டனை அமுக்கி வைத்திருந்தேன். நடுவில் கரண்ட் போனது. சரி, டீ குடிக்கலாம் என்று மெஷினை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். லாக்கை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும், ஆளே இல்லாமல் மெஷின் சுற்றத் தொடங்கி, மேசைத்துணியைச் சுருட்டிக்கொண்டு தரையில் விழுந்து துள்ளியது. அந்த நேரம் பக்கத்தில் பிள்ளைகள் இல்லை.

விழுந்ததில் சக் லேசாக ஆடுகிறது, மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் ஒரு முறை மாற்றினேன். மற்றபடி ஓடுகிறது. லாக் பட்டனை இன்றுவரை மறுபடி அமுக்கவில்லை.