ஆளி விதை: லோ கார்ப் அடுப்படியில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைத்த சாப்பாட்டுக்கு மாறுகிற எல்லோரும் முதல் மாதத்திலேயே பாதாம் மாவும் ஆளி விதையும் வாங்கி அடுக்கிவிடுவார்கள். பாதாம் மாவு விற்கிற விலைக்கு எங்கள் வீட்டில் அது நிலைக்கவில்லை. ஆளி விதை மட்டும் சில வருஷமாகத் தொடர்ந்து வாங்கப்படுகிறது. ஆனால் இட்லி, சப்பாத்திக்கு மாற்றாக இல்லை. பொடிக்கும், உருண்டை பிடிக்கிற வேலைக்கும்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ஆளி விதையில் கார்ப் சுமார் 29 கிராம். அதில் 27 கிராம் நார்ச்சத்து என்பதால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிற பங்கு மிகக் குறைவு. கொழுப்பு 42 கிராம், புரதம் 18 கிராம். கலோரி மட்டும் 530-ஐத் தாண்டும். கார்ப் இல்லையே என்று கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டால் எடை இறங்காது.

எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பது ஆளி விதைப் பொடி. இட்லிப் பொடியில் உளுந்தும் கடலைப் பருப்பும் இருப்பதால் அதைக் கைவிட வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு இது வந்தது. ஒன்றும் புதுமை இல்லை. வட கர்நாடகத்தில் ஜோள ரொட்டிக்கு அகசெ சட்னிப் பொடி, மகாராஷ்டிரத்தில் ஜவஸ் சட்னி, தெலுங்குக்காரர்களிடம் அவிசெ பொடி என்று பக்கத்து ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடுவதுதான்.

ஒரு கப் விதைக்கு எட்டுப் பத்து காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஆறு பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, பெருங்காயம், கல்லுப்பு. விதையை எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். கடுகு மாதிரிப் படபடவென்று வெடித்து அடுப்பெல்லாம் சிதறும், அதனால் தட்டைப் பாதி மூடிக்கொள்வது நல்லது. சத்தம் அடங்கி வாசம் வந்ததும் உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சூடான சட்டியிலேயே விட்டால் கருகிக் கசக்கும். மிளகாய், கறிவேப்பிலை, புளி மூன்றையும் தனியாக வறுத்து, நன்றாக ஆறியபின் உப்பு, பெருங்காயத்தோடு முதலில் அரைத்துக்கொண்டு, அப்புறம் விதையைப் போட்டு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டை கட்டிவிடும். பூண்டைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று. நல்லெண்ணெயில் குழைத்து முட்டை தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். காலிஃபிளவர், பீன்ஸ் பொரியலை இறக்கும்போது தூவலாம். எனக்குக் கத்தரிக்காய் வதக்கலோடுதான் பிடிக்கும்.

விதையை முழுசாகத் தூவிச் சாப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. மேல்தோல் கெட்டி என்பதால் மெல்லாமல் விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்தால்தான் சத்து சேரும். பொடித்துவிட்டாலோ சீக்கிரம் சிக்கடிக்கும். இந்த எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகுகிற வகை. ஆயில் பெயின்டில் சேர்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். பொடியைத் திறக்கும்போது பெயின்ட் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. முழு விதை வெளியிலேயே பல மாதம் தாங்கும். ஆளி விதை எண்ணெயை வாங்கித் தாளிக்கவோ பொரிக்கவோ வேண்டாம், அது சூடு தாங்காது.

இரண்டாவது உபயோகம் பிடிமானம். கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு போடுவோம், அதில் கிட்டத்தட்டப் பாதி மாவுச்சத்து. அதற்குப் பதிலாகக் கால் கிலோ கைமாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிப் பொடி (மசாலா சேர்க்காத வெறும் பொடி) போட்டுப் பிசைந்து பத்து நிமிஷம் வைத்தால் உருண்டை உடையாது. விதைத் தோலில் இருக்கிற பசை ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகுவதுதான் காரணம். எண்ணெயில் போட்டுப் பொரித்தால் மேலே சட்டென்று கறுத்துவிடுகிறது, அதனால் நான் பணியாரக் கல்லில் வேக வைக்கிறேன். மீன் கட்லெட்டுக்கும் இதே அளவு சரிவரும். புரட்டாசியில் முட்டை சேர்க்காதவர்கள் ஒரு டேபிள்ஸ்பூன் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து ஒரு முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பிடித்துக்கொள்ளும், உப்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

குழம்பைக் கெட்டியாக்க அரிசி மாவுக்குப் பதில் இதைக் கரைத்து விடச் சொல்வார்கள். வத்தக்குழம்புக்கு அரை டீஸ்பூன் வரை ஓடும். அதற்கு மேல் போனால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு வந்து குழம்பு பாழ்.

ரொட்டியைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு கப் பொடிக்கு முக்கால் கப் கொதிக்கிற தண்ணீர், உப்பு. கொழுக்கட்டை மாவு போலக் கிளறி, ஆறியதும் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே தேய்த்துத் தோசைக்கல்லில் சுட்டால் உடையாமல் வரும். மடித்தாலும் கிழியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருசி மண் வாசத்தோடு கனமாக இருக்கும், காரமான கறிக்குழம்பு இல்லாமல் இறங்காது. இந்த அளவில் நான்கு ரொட்டி வரும் என்றால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 25 கிராம் விதை. ஒன்றோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. தினசரிச் சாப்பாடாக இதை நான் சொல்ல மாட்டேன்.

பொதுவாக ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு டேபிள்ஸ்பூன் பொடி போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலுக்கு உதவ வேண்டியதே மலச்சிக்கலைக் கொடுக்கும். பச்சை விதையில் சயனைடை உண்டாக்கும் பொருள் சிறிதளவு உண்டு, சூட்டில் அது குறையும். அளவோடு, வறுத்துச் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை போடுகிற நேரத்தோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம், நார்ச்சத்து மருந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒமேகா 3 கொழுப்புக்காக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இதில் இருப்பது ஏஎல்ஏ என்கிற தாவர வகை. மீனில் இருக்கிற இபிஏ, டிஹெச்ஏ வகையாக அதை நம் உடம்பு மாற்றிக்கொள்வது சொற்பம். சைவக்காரர்களுக்கு இது நல்ல வரவு. மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தியை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம்.

வாங்கும்போது பொடியாக விற்பதை விட்டுவிட்டு முழு விதையாக நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள். பழுப்பு நிற விதையே போதும். மஞ்சள் விதைக்குக் கூடுதல் விலை கொடுக்கிற அளவுக்குச் சத்தில் வித்தியாசம் இல்லை. பார்வைக்கு வெளுப்பு, அவ்வளவுதான். அரைத்து முடித்ததும் மிக்ஸி ஜாரை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே தண்ணீர் விடுங்கள். நேராகத் தண்ணீர் ஊற்றினால் பிளேடுக்கு அடியில் வழவழவென்று கூழ் ஒட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்ப்பவரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.