பிரதிநிதிகள் சபையா, செனட்டா: எதற்கு வலு அதிகம்?

அமெரிக்க காங்கிரஸின் இரண்டு அவைகளில், பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி அமைந்தது. 435 உறுப்பினர்கள், இரண்டே ஆண்டுப் பதவி. ஜெயித்து வந்து உட்காருவதற்குள் அடுத்த தேர்தலுக்கு நிதி திரட்ட ஓட வேண்டும், பாவம். செனட்டில் 100 பேர்தான்; மாநிலத்துக்கு இருவர், ஆறாண்டுப் பதவி.

இந்த 'மாநிலத்துக்கு இருவர்' கணக்கில்தான் பெரிய தகராறு. கலிபோர்னியாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் 52 இடங்கள், வயோமிங்குக்கு ஒன்றே ஒன்று. செனட்டிலோ இரண்டும் சமம். 1787இல் சிறிய மாநிலங்களைச் சமாதானப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. அன்றைக்குச் சரி, இன்றைக்கு இது நியாயமாக எனக்குப் படவில்லை.

வரி மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். அதிபர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு சுமத்துவதும் அதுதான். சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் விசாரித்துத் தீர்ப்பு சொல்வது செனட், அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2019, 2021 என இருமுறை குற்றம் சாட்டப்பட்ட டிரம்ப் இரண்டு முறையும் செனட்டில் தப்பினார்.

என் பார்வையில் வலு செனட் பக்கம்தான். உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் நியமனத்துக்கு அதன் ஒப்புதல் தேவை. பிரதிநிதிகள் சபைக்கு அதில் வேலையே இல்லை. அப்புறம், பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே செனட்டில் 60 ஓட்டு வேண்டும். 55 பேர் ஆதரித்தாலும் மசோதா முடங்கிக் கிடக்கலாம்.