கேனான் 10-18 மி.மீ. லென்ஸ்: முதல் அகலக்கோண லென்ஸாக எப்படி?

கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் ஓர் அறையின் எதிர்ச் சுவர்கூட முழுமையாக அடங்காதபோதுதான் பலரும் அகலக்கோண லென்ஸைத் தேடத் தொடங்குகிறார்கள். கேனானின் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட) டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள், 2014-இல் வெளிவந்த இஎஃப்-எஸ் 10-18 மி.மீ. எஃப்/4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸை முதலில் பார்ப்பது நல்லது.

பதினெட்டுக்கும் பத்துக்கும் இடையே எட்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. மூலைக்கு மூலை அளந்தால், 18 மி.மீ.இல் சுமார் 74 பாகையாக இருக்கும் பார்வைக் கோணம் 10 மி.மீ.இல் சுமார் 107 பாகையாக விரிகிறது. தொலைவை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸில் இதே எட்டு மில்லிமீட்டர் கூடியதோ குறைந்ததோ நம் கண்ணுக்கே தெரியாது.

எடை 240 கிராம்தான். கேமராவில் பொருந்தும் பகுதியான மவுண்ட் பிளாஸ்டிக் என்பதை அந்த இலகுவுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சிலருக்கு, ஒளி நுழையும் திறப்பான அதன் அபெர்ச்சராக இருக்கும். டோக்கினாவின் 11-16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் முழுத் திறப்பில் இதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மங்கிய வெளிச்சத்தில் அசையாத கட்டடங்களை எடுக்கும்போது இந்த லென்ஸின் அதிர்வுத் தடுப்பு அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். ஆனால் நடமாடும் மனிதர்களையும் இரவு வானத்து விண்மீன்களையும் எடுப்பதில் அதற்கு வேலையில்லை. அத்தகைய படங்களே நோக்கமென்றால், எடை இருமடங்குக்கு மேல் ஆனாலும் டோக்கினாவையே பரிந்துரைப்பேன். மேலும், கேனான் லென்ஸில் ஃபோகஸ் தொலைவைக் காட்டும் குறியீடு இல்லை. ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தால் இயங்குவது என்பதால், கேமரா அணைந்திருக்கும்போது அதைத் திருப்பிப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் திணிப்பதற்காக இதை வாங்குபவர் விரைவில் சலிப்படைவார், ஏனெனில் தொலைவிலுள்ள மலை சிறு மேடாகச் சுருங்கி, நடுவே வெற்றுத் தரைதான் மிஞ்சும். பொருளுக்கு 22 செ.மீ. வரை நெருங்க முடிவதே இதன் சிறப்பு. முன்னால் ஒரு பூவோ கல்லோ பெரிதாக நிற்க, பின்புலம் ஆழமாக விரியும். ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரிவதும், கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்சாய்வதும் இவ்வளவு அகலமான எந்த லென்ஸிலும் நேர்பவையே. வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் வடிகட்டியை மாட்டி நான் எடுத்த முதல் வானம் பாதி கருநீலமாகவும் பாதி வெளுத்தும் வந்தது. அதுவும் இந்த அகலத்தின் விளைவேயன்றி லென்ஸின் பிழையன்று.

நிக்கான் பயனர்களுக்கு 2017-இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 மி.மீ. விஆர் லென்ஸ் இதற்கு நிகரானது. பழைய கேமராக்கள் சிலவற்றில் அதன் ஆட்டோஃபோகஸ் இயங்காது என்பதால், வாங்குமுன் பொருத்தப் பட்டியலைச் சரிபார்ப்பது கட்டாயம். கிட் லென்ஸின் முன்னால் திருகும் அகலக்கோணக் கண்ணாடிகளையோ, ஓரங்களைக் குழப்பிவிடும் அவற்றின் தரத்துக்காக, நான் யாருக்கும் சொல்வதில்லை.