இரவல் பதிவேடா, கிடைப்பு ஆய்வா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் நூலகப் பயன்பாட்டை அளக்க நினைப்போர் முதலில் நாடுவது இரவல் பதிவேட்டைத்தான். கணினியிலேயே கிடைத்துவிடும், செலவும் இல்லை. வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும் இவ்வழியில்தான். ஆனால், தமிழ் நாளிதழை மேசையிலேயே விரித்துப் படித்துவிட்டுப் போகும் ஓய்வுபெற்ற பால்மரத் (ரப்பர்) தொழிலாளி இந்தக் கணக்கில் வரவே மாட்டார்; நூலைத் தேடி வெறுங்கையோடு திரும்பிய மாணவியும் வரமாட்டார்.

அந்த மாணவியைக் கணக்கில் கொண்டுவருவது கிடைப்பு ஆய்வு. வாசலில் சிறு படிவம் கொடுத்து, தேடிய நூல் எது, கிடைத்ததா என்று கேட்டு, கிடைக்காதவற்றின் காரணத்தை அன்றே கண்டறிய வேண்டும்: நூலகம் வாங்கவே இல்லையா, வேறொருவர் எடுத்துச் சென்றிருக்கிறாரா, அடுக்கில் இடம் மாறிவிட்டதா, உரிய இடத்தில் இருந்தும் வாசகர் கண்ணில் படவில்லையா? இந்த நான்கு தடைகளையும் அடுத்தடுத்த படிகளாகப் பிரித்துப் பார்ப்பதே நூலக ஆய்வாளர் பால் கேன்டர் 1976இல் விளக்கிய கிளைமுறை; இதில் ஒவ்வொரு படியையும் தடையின்றிக் கடந்த தேடல்களின் விகிதத்தைக் கண்டு, நான்கையும் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 90 விழுக்காடாக இருந்தாலும் மொத்தக் கிடைப்பு 66 விழுக்காட்டைத் தாண்டாது. உழைப்பு கூடுதல்தான். ஆயினும் தமிழ் அடுக்கு சிறிதாக உள்ள நூலகத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். நூல் வாங்கப் பணம் கேட்க வேண்டுமா, அடுக்கைச் சீர்செய்தாலே போதுமா என்பதை இதுவே தெளிவாகச் சொல்லும். படிவம் தமிழிலும் இருப்பது அவசியம்.