இரண்டு ஜெனரேட்டருக்கு ஒரே டீசல் குழாய்: ஒரு பாவனை அனுபவம்

அக்கரைப்பற்றில் சத்திரசிகிச்சைக் கூடத்தோடு வைத்தியசாலைக் கட்டடம் எழுப்புகிற நண்பர் கேட்டிருந்தார்: "மட்டக்களப்பு வைத்தியசாலையில நீங்க பாவிக்கிற அதே செட்டைப் போடலாமா?" தலா 250 கேவிஏ ஜெனரேட்டர் இரண்டு, கரண்ட் போனால் கட்டடத்தைத் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர், ஏசிக்குக் குளிர்நீர் தரும், காற்றால் குளிரும் சில்லர் இரண்டு. இந்த விபரமெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கேட்பது அதன் குணத்தை.

எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் போய்ப் பத்து விநாடிக்குள் லோட், அதாவது கட்டடத்தின் மின்சுமை, எடுத்துவிடும். கச்சான் காற்று கொளுத்தும் மதியத்திலும் ரேடியேட்டர் பதறாது. 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன அன்றும் சத்தமில்லாமல் வேலையைப் பார்த்தது.

கோபமெல்லாம் டீசல் வரும் வழியில்தான். பெரிய தாங்கியிலிருந்து எஞ்சின் அறையிலுள்ள 500 லீற்றர் சின்னத் தாங்கிக்கு ஏற்ற ஒரேயொரு பம்ப். அதற்கும் கரண்ட் கொடுத்திருந்தது ஜெனரேட்டர் கரண்ட் வராத போர்டிலிருந்து! முற்றத்து லைட்டும் கன்டீன் கேத்தலும் ஓடுகிற போர்ட் அது. 150 கிலோவாட் லோட்டில் ஒரு எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் குடிக்கும். சின்னத் தாங்கி நிரம்பியிருந்தாலும் பன்னிரண்டு மணித்தியாலம்தான். இரண்டும் அதே லோட்டில் ஓடினால் அதில் பாதி. ஒரு மணி, இரண்டு மணி மின்வெட்டில் இந்தக் குறை தலைகாட்டவே காட்டாது. கரண்ட் திரும்பியதும் பம்ப் ஓடித் தாங்கியை நிரப்பி வைத்துவிடும். மாரியில் மரம் விழுந்து லைன் அறுந்து, இரண்டு நாள் இருட்டில் கிடக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். பெரிய தாங்கி நிறைய டீசல் இருக்கும், எஞ்சின் பட்டினியில் நிற்கும்.

அடுத்தது பில்டர். இரண்டு எஞ்சினுக்கும் சின்னத் தாங்கியிலிருந்து ஒரே குழாய், நீர் பிரிக்கும் பில்டரும் ஒன்றே. வாவிக்கரை ஈரத்தில் பாதி காலியான தாங்கியின் மேல்தகடு உட்புறம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சேருமிடத்தில் கறுப்பாய், வழுவழுவென்று ஒரு சளி வளர்ந்து பில்டரில் அப்பும். ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும் என்றுதானே இரண்டு வாங்குகிறோம்? இரண்டும் ஒன்றாகத் திணறும். வாராவாரம் லோட் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டிப் புத்தகத்தில் சரி போடுவதால் இது பிடிபடாது. வெறுமனே ஓடும்போது எரிவது கொஞ்சம் டீசல். பாதி அடைபட்ட பில்டரும் அதற்குத் தாங்கும். புகைக்குழாயில் எரியாத டீசலும் கரியும் படிவதுதான் மிச்சம். மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம், 30 வீதத்துக்குக் குறையாத லோட்டில் ஓட்டுங்கள். 250 கேவிஏ செட் தருவது 200 கிலோவாட்; அதில் 30 வீதம் 60 கிலோவாட்.

போட்ட குழாயும் கல்வனைஸ், துத்தநாகம் பூசிய இரும்பு. டீசலுக்கு அது ஆகாது. துத்தநாகம் கரைந்து போய், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் படியும். பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய்தான் சரி. இது தெரியாத ஆளுக்கு வைத்தியசாலை வேலையை யார் கொடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

திருத்த வேலையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிக் குழாய், ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பி மாற்றக்கூடிய இரட்டைப் பில்டர் வந்தது. பம்ப் இரண்டாகி, இரண்டும் ஜெனரேட்டர் போர்டுக்கு மாறின. பக்கத்தில் ஒரு கைப்பம்ப். மட்டம் குறைந்தாலும் கூடினாலும் அலாரம், வழிந்தால் பெரிய தாங்கிக்கே திரும்பும் குழாய். தாங்கியை வடிகுழாய்ப் பக்கம் கொஞ்சம் சரித்து வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயை அடியிலிருந்து இரண்டங்குலம் உயர்த்தியாயிற்று. வாராவாரம் வடிகுழாயைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் பிடிக்க வேண்டும். தெளிந்த டீசல் வரும்வரை மூடக்கூடாது.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் பற்றரியைப் பற்றி ஒரு வரி: 24 வோல்ட் செட் எஞ்சினுக்கு ஒன்று, சார்ஜரும் தனித்தனி. வெக்கையான அறையில் இரண்டு வருடத்தில், நல்லாயிருந்தாலும் மாற்றுங்கள்.

சில்லரில் பெரிய புகார் இல்லை. கரண்ட் மாறியதும் கம்ப்ரசர் சில நிமிடம் காத்திருந்துதான் எழும்பும். அந்த இடைவெளிக்குக் குளிர்நீர்ச் சேமிப்புத் தாங்கி வேண்டும். குளிர்நீர்ப் பம்ப்பும் ஜெனரேட்டரில் முதலே எழும்ப வேண்டும். உப்புக்காற்றுக்குப் பூச்சிட்ட கொயில் கேளுங்கள். கழுவுவதற்கு நல்ல தண்ணீர், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

எஞ்சினுக்கு மட்டும் மார்க்ஸ் போட்டால் ஐந்துக்கு ஐந்து. முழுத் தொகுதிக்கும் இன்றைய எரிச்சலில் இரண்டுதான். 'பைப் வேலை உட்பட' என்ற ஒற்றை வரியோடு விலைக்குறிப்பு வந்தால் வாங்க வேண்டாம். வாங்கினாலும் கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள்: மெயினை அணைத்து, சின்னத் தாங்கியைப் பாதிக்கு வடித்து, ஜெனரேட்டர் கரண்டிலேயே பம்ப் தானாக எழும்பி நிரப்புகிறதா என்று உங்கள் ஆள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.